பழவேற்காட்டில் ஒரு ராத்தங்கல்

பழவேற்காட்டைப் பார்த்துவிட்டேன் என்று சொல்லும் சென்னைக்காரர்களில் பெரும்பாலோர் அந்த ஏரியைக் காலை பதினொரு மணிக்கும் மாலை நான்கு மணிக்கும் இடையில்தான் பார்த்திருப்பார்கள். ஏரி ஓய்ந்து கிடக்கும் நேரம் அது. ஏலம் முடிந்து கூடைகளைக் கழுவிக் கவிழ்த்திருப்பார்கள். இரவெல்லாம் வலையோடு நின்ற ஆண்கள் வீட்டில் உறங்கிக்கொண்டிருப்பார்கள். பறவைகள் கண்ணுக்கு எட்டாத சேற்றுத் திட்டுகளுக்குப் போயிருக்கும். மிச்சம் இருப்பது கண் கூசும் வெயிலும் உப்புக் காற்றும்தான். வந்தவர்கள் இறால் வறுவல் சாப்பிட்டு, பாலத்தின் மேல் நின்று படம் எடுத்துக்கொண்டு, இருட்டுவதற்குள் பொன்னேரியைத் தாண்டிவிடுவார்கள். "அங்க என்ன இருக்கு, ஒரு தடவை பார்த்தா போதும்" என்று பிறகு சொல்வதும் அவர்களேதான்.

ஒரு ராத்திரி தங்கிப் பாருங்கள் என்பதே நான் சொல்ல வருவது. ஓட்டல் அறை வேண்டாம். சொந்தக் காரோ வாடகைக் காரோ, பின்னால் ஒரு கூடாரம், பாய், அடுப்பு, தண்ணீர் கேன். சனிக்கிழமை சாயங்காலம் போய் ஞாயிறு மதியம் திரும்பலாம். இப்படித் தங்கத் தொடங்கிய பிறகுதான் பழவேற்காடு வேலை செய்யும் ஊராக எனக்குத் தெரிந்தது. அதுவரை அது வேடிக்கை பார்க்கும் இடமாக மட்டுமே இருந்தது.

கொரோனா ஊரடங்குக்குப் பிறகு 'கார் கேம்பிங்' என்ற பேச்சு நம் ஊரிலும் பரவியிருக்கிறது. காரின் கூரையில் விரிக்கும் கூடாரம், பின் இருக்கையை மடக்கிப் போடும் மெத்தை என்று விளம்பரங்கள் வருகின்றன. கேரள அரசு 2021-ல் கேரவன் சுற்றுலாவுக்கென்றே ஒரு கொள்கையை அறிவித்தது. தமிழ்நாடு 2023-ல் வெளியிட்ட சுற்றுலாக் கொள்கையிலும் கேரவனுக்கும் சாகசச் சுற்றுலாவுக்கும் இடம் உண்டு. ஏதோ வெளிநாட்டுப் பழக்கம் புதிதாக வந்து இறங்கியதுபோலப் பேசுகிறார்கள். குலதெய்வக் கோயிலுக்கு வேன் பிடித்துப் போகும் குடும்பங்கள் காலங்காலமாகச் செய்துவருவது வேறென்ன? ஆலமரத்தடியில் வண்டியை நிறுத்தி, மூன்று கல் கூட்டி அடுப்பு வைத்து, பொங்கல் பொங்கி, ஜமக்காளம் விரித்து அங்கேயே படுத்து, விடிந்ததும் எழுந்து வருகிறோம். ஆடிப்பெருக்குக்கு மாட்டுவண்டி கட்டிக்கொண்டு ஆற்றங்கரைக்குச் சித்திரான்னம் கொண்டுபோனவர்களின் பேரப்பிள்ளைகள் நாம். திறந்த வெளியில் சமைத்துப் படுத்து எழுவது நமக்குத் தெரிந்த வித்தைதான். கோயில் மரத்தடி எல்லோருக்கும் பொது. ஏரிக்கரை அப்படி இல்லை. அங்கே யார் வாசலில் இறங்குகிறோம் என்பதை முதலில் தெரிந்துகொள்ள வேண்டும்.

யாருடைய வாசல் அது?

சென்னையிலிருந்து வடக்கே சுமார் 60 கி.மீ. செங்குன்றம் தாண்டி, தச்சூர் கூட்டுச்சாலையில் வலப்பக்கம் திரும்பி, பொன்னேரி வழியாகப் போக வேண்டும். பொன்னேரிக்குப் பிறகு நெல்வயல்கள் மெல்லக் குறைந்து சவுக்கும் பனையும் தென்படும். மண் வெளுத்துவிடும். காரின் கண்ணாடியை இறக்கினால் கருவாட்டு வாசம் வரும்.

உவர்நீர் ஏரிகளில் ஒடிசாவின் சிலிகாவுக்கு அடுத்து இந்தியாவில் பெரியது பழவேற்காடு ஏரி. இதன் பெரும்பகுதி ஆந்திரத்தில் இருக்கிறது. தெற்கு முனைதான் நமக்கு. கடலுக்கும் ஏரிக்கும் நடுவே வேலிபோல நீண்டு கிடக்கிறது ஸ்ரீஹரிகோட்டாத் தீவு. தெற்கிலிருந்து ஆரணியாறும், வடக்கே காளங்கியும் சுவர்ணமுகியும் நன்னீரைக் கொண்டுவந்து சேர்க்கின்றன. முகத்துவாரம் வழியாகக் கடல்நீர் உள்ளே ஏறும், வெளியே இறங்கும். பக்கிங்காம் கால்வாயும் இதன் ஊடாகவே போகிறது. இவ்வளவு பெரிய நீர்ப்பரப்புக்குச் சராசரி ஆழம் ஏறக்குறைய ஒரு மீட்டர். பல இடங்களில் இறங்கி நடக்கலாம். ஐப்பசி, கார்த்திகை மழையில் தண்ணீர் கிட்டத்தட்ட நன்னீராகிவிடும். கோடையில் சில பகுதிகளில் கடலைவிட அதிகமாக உப்பு ஏறும். இந்த ஏற்ற இறக்கத்தை நம்பித்தான் இறாலும் நண்டும் மடவையும் இங்கே வளர்கின்றன. அவற்றை நம்பிக் கரையெங்கும் குப்பங்கள்: கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடுவூர் மாதா குப்பம், கூனங்குப்பம், அரங்கங்குப்பம், வைரவன்குப்பம், லைட் ஹவுஸ் குப்பம். இன்னும் பல உண்டு.

தமிழ்நாட்டுப் பகுதியில் 153.67 சதுர கி.மீ. பரப்பு 1980-லிருந்து பறவைகள் சரணாலயம். அதற்குள் கூடாரம் அடிப்பதென்றால் வனத்துறையின் அனுமதி வேண்டும். கடற்கரை மணலில் வண்டியை இறக்கித் தங்குவது பற்றி நான் கொஞ்சம் கடுமையாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. செய்யாதீர்கள். ஜனவரி முதல் ஏப்ரல் வரை இந்தக் கரையில் பங்குனி ஆமைகள் ஏறி முட்டையிடுகின்றன. டயர் ஏறி இறுகிய மணலைத் தோண்டிக்கொண்டு குஞ்சுகள் வெளியே வருவது கடினம். விளக்கு வெளிச்சத்தைக் கண்டால் கடல் இருக்கும் பக்கம் என்று எண்ணி அவை எதிர்த்திசையில் ஊர்ந்துபோகும். 2025 ஜனவரியில் சென்னையை ஒட்டிய கரைகளில் நூற்றுக்கணக்கான ஆமைகள் செத்து ஒதுங்கின. அதைப் பார்த்தவர்கள் யாரும் கடற்கரையில் ஹெட்லைட் போட்டுக்கொண்டு பாட்டுக் கேட்க மாட்டார்கள்.

அப்படியானால் எங்கே தங்குவது? குப்பத்தை ஒட்டிய தோப்பிலோ, வீட்டுக்குப் பின்னால் உள்ள காலி மனையிலோ, உரியவரைக் கேட்டுக்கொண்டு. மீனவக் கிராமங்களில் ஊர்ப் பஞ்சாயத்து என்பது பேருக்கு இருப்பதல்ல. யார் எப்போது வலை விடுவது என்பதிலிருந்து திருவிழா வரி வரை ஊர்ப் பெரியவர்கள் கூடித்தான் முடிவு செய்கிறார்கள். அவர்களிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் ராத்திரி யாரும் வந்து டார்ச் அடித்து எழுப்ப மாட்டார்கள். முதல் முறை நாங்கள் இடம் கேட்டபோது வலை பின்னிக்கொண்டிருந்த ஒரு பெரியவர் காரையும் கூடாரப் பையையும் பார்த்துவிட்டு, "கரை மேல வேணாம் தம்பி. ராத்திரி வாடை எடுத்துச்சுன்னா டெண்டு நிக்காது. அந்தச் சவுக்கு ஓரம் போட்டுக்குங்க, காத்து அடங்கும்" என்றார். அவர் சொன்னது போலவே நடுநிசியில் வாடை எடுத்தது. சவுக்கு இரைந்ததே தவிர, கூடாரம் அசையவில்லை. இருநூறு ரூபாய் நீட்டினேன். வாங்க மறுத்துவிட்டார். அவர் வீட்டு அம்மா காலையில் நண்டு விற்றபோது பேரம் பேசாமல் வாங்கினோம். கணக்கு அங்கே நேராயிற்று.

எடுத்துச் செல்ல வேண்டியது அதிகமில்லை. கோரைப்பாய், கொசுவலை, ஆளுக்கு ஐந்து லிட்டருக்குக் குறையாமல் குடிநீர், காற்றுக்கு மறைப்பு வைத்த சிறு கேஸ் அடுப்பு, ஒரு மண்சட்டி, கயிறு, மண்வெட்டி. கொசுவலையை மறந்தால் மற்ற எதை எடுத்துப் போயும் பயனில்லை. சிலர் கூடாரமே வேண்டாம் என்று காரிலேயே படுக்கிறார்கள். அவர்களுக்கு ஒன்று. இன்ஜினை ஓடவிட்டு, கண்ணாடியை ஏற்றி, ஏ.சி. போட்டுக்கொண்டு தூங்கக் கூடாது. கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது, மூச்சு முட்டுவதும் தெரியாது, தூக்கத்திலேயே ஆளைக் கொண்டுபோய்விடும். நான்கு கண்ணாடியையும் இரண்டு விரல் இறக்கி, கதவுக்குக் கொசுவலைத் துணி கட்டிக்கொண்டால் மார்கழி, தை மாதங்களில் போர்வைகூடத் தேவைப்படும். திரும்பி வந்ததும் வண்டியின் அடிப்பகுதியை நல்ல தண்ணீரில் கழுவிவிடுங்கள். உப்பு இரும்பைத் தின்னும்.

பாடு

ராத்தங்கலின் சாரம் இருட்டிய பிறகுதான் தொடங்குகிறது. தெற்கே காட்டுப்பள்ளித் துறைமுகமும் வடசென்னை அனல்மின் நிலையமும் இருக்கும் திசையில் வானம் செம்மஞ்சளாக இருக்கும். வடக்கே ஸ்ரீஹரிகோட்டாப் பக்கம் கும்மிருட்டு. நடுவே ஏரியில் அங்கொன்றும் இங்கொன்றுமாக விளக்குகள். அவை படகுகள்.

அந்த விளக்குகள் தோன்றிய இடத்தில் நின்று மீன் பிடிப்பதில்லை. இன்று ராத்திரி எந்தக் குழு எந்த இடத்தில் வலை கட்டலாம் என்பது முன்பே முடிவாகியிருக்கிறது. இதற்குப் பெயர் பாடு. ஏரியில் இறால் நன்றாக விழும் இடங்கள் சிலதான். முகத்துவாரத்துக்குப் பக்கத்தில் நீரோட்டம் வலுவாக இருக்கும் இடங்கள் அவை. அங்கே கழி நட்டுச் சுத்துவலை கட்ட வேண்டும். எல்லோரும் ஒரே இடத்துக்கு ஓடினால் அடிதடிதான் மிஞ்சும். ஆகவே ஊரில் உள்ள தலைக்கட்டுகளைக் குழுக்களாகப் பிரித்து, சீட்டுப் போட்டு, முறை வைக்கிறார்கள். இன்று நல்ல இடம் கிடைத்த குழுவுக்கு அடுத்த முறை வேறு இடம். சுழற்சி முடியும்போது எல்லாக் குழுவும் எல்லா இடத்திலும் வலை கட்டியிருக்கும். கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடுவூர் மாதா குப்பம் ஆகிய மூன்று ஊர்களும் பாட்டுக்கு உரிமையுள்ள பழைய ஊர்கள். இலங்கையில் நீர்கொழும்புக் களப்பிலும் கட்டுவலைக்கு இதே போலச் சீட்டுப் போட்டு முறை வைக்கும் மீனவர் சங்கங்கள் இருக்கின்றன. கடலோரக் களப்பை நம்பி வாழ்பவர்கள் இரண்டு இடத்திலும் ஒரே முடிவுக்கு வந்திருக்கிறார்கள்.

இதை வெறும் புகழ்ச்சியாகச் சொல்லிவிட்டுப் போக எனக்கு மனமில்லை. பாடு எல்லோருக்கும் கிடையாது. தலைக்கட்டில் பெயர் இருப்பவர்களுக்குத்தான். இறாலுக்கு ஏற்றுமதி விலை வந்த பிறகு, பாட்டில் இடமில்லாத ஊர்களும் சாதிகளும் எங்களுக்கும் பங்கு வேண்டும் என்று கேட்டன. சண்டைகள் நடந்தன, வழக்குகளும் போயின. பாட்டுக்கு முற்றிலும் வெளியே இருப்பவர்கள் இருளர்கள். அவர்களிடம் படகும் வலையும் இல்லை. பெண்கள் இடுப்பளவு தண்ணீரில் இறங்கி, பனையோலைக் கூடையைப் பல்லால் கடித்துத் தொங்கவிட்டுக்கொண்டு, இரண்டு கையாலும் சேற்றைத் துழாவி இறால் பிடிக்கிறார்கள். அதிகாலையில் கூடாரத்தை விட்டு வெளியே வந்தால் கால்வாய் ஓரம் அவர்களைப் பார்க்கலாம். வாயில் கூடை இருப்பதால் பேச முடியாது. தலை மட்டும் மெல்ல நகர்ந்துகொண்டிருக்கும். கண்ணாடி ஓட்டில் கால் கிழிந்தால் அன்றைய கூலி போயிற்று. கரையில் பீர் பாட்டிலை உடைத்துப் போட்டுவிட்டு வரும் விடுமுறைக்காரர்களை நான் மன்னிக்காததற்கு இதுவே காரணம்.

ராத்திரி ஏரிக்கு முன்னால் உட்கார்ந்திருக்கும்போது இதையெல்லாம் நினைத்துத்தான் ஆக வேண்டும் என்று கட்டாயமில்லை. கால் நீட்டி உட்கார்ந்து, குழம்பு கொதிப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தாலே போதும். மடவை மீனை மாலையிலேயே கரையில் வாங்கி, உப்பும் மஞ்சளும் தேய்த்து வைத்துவிட வேண்டும். புளிக்கரைசலில் மிளகாய்த்தூள், தட்டிய பூண்டு, வடகம் தாளிப்பு. மாசி மாதமென்றால் ஒரு மாங்காய். மீனைக் கடைசியில் போட்டு, கரண்டி விடாமல் சட்டியைப் பிடித்து ஒரு சுற்றுச் சுற்றி இறக்க வேண்டும். சுடுசோறு இருந்தால் போதும், வேறு தொடுகறி எதற்கு?

அதிர்ஷ்டம் இருந்தால் ராக்கெட் கிடைக்கும். சதீஷ் தவான் விண்வெளி மையத்தின் ஏவுதளங்கள் பழவேற்காட்டு ஊரிலிருந்து நேர்கோட்டில் சுமார் 35 கி.மீ. இஸ்ரோ ஏவும் தேதியை முன்கூட்டியே அறிவித்துவிடும். இரவு ஏவுதல் என்றால் வடக்கே ஏரி முழுவதும் திடீரென்று ஆரஞ்சு நிறமாகும். சுடர் மேகத்துக்குள் போய் மறைந்த பிறகுதான் ஓசை வந்து சேரும். ஒலி அந்தத் தூரத்தைக் கடக்க ஒன்றரை நிமிடத்துக்கு மேல் ஆகிறது. குழந்தைகளுக்கு ஒளியும் ஒலியும் வேறு வேறு வேகம் என்று சொல்லித்தர இதைவிட நல்ல வகுப்பறை கிடையாது. ஏவும் நாளில் மீனவர்கள் கடலுக்குப் போக முடியாது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். ஒவ்வொரு ஏவுதலுக்கும் அவர்களுடைய ஒரு நாள் பிழைப்பு போகிறது.

விடியல்

ஞாயிற்றுக்கிழமை ஐந்து மணிக்கு எழுந்துவிட வேண்டும். இதில் சலுகை கிடையாது. நவம்பரிலிருந்து மார்ச் வரை பூநாரைகள் வரும் காலம். குஜராத்தின் கட்ச் ரண்ணில் கூடு கட்டிக் குஞ்சு பொரிக்கும் பறவைகள் இங்கே இரை தேட வருகின்றன. முழங்கால் ஆழத் தண்ணீரில் வரிசையாக நின்று, தலையைத் தலைகீழாகக் கவிழ்த்து, அலகைச் சல்லடையாக்கிச் சேற்று நீரை உறிஞ்சி வெளியே தள்ளும். சிறு கூனியும் பாசியும் உள்ளே தங்கிவிடும். அந்த உணவில் உள்ள நிறமிதான் இறகுக்கு இளஞ்சிவப்பைத் தருகிறது. கூழைக்கடா, மஞ்சள் மூக்கு நாரை, ஊசிவால் வாத்து, உள்ளான், ஆலா என்று மற்றவையும் வரும். பைனாகுலர் இருந்தால் எடுத்துக்கொள்ளுங்கள், ட்ரோன் இருந்தால் வீட்டிலேயே வைத்துவிடுங்கள். கூட்டம் ஒரு முறை கலைந்து பறந்தால், தின்று சேர்த்த பலம் அந்தப் பறப்பிலேயே செலவாகிவிடும்.

பறவையை விட்டு வர மனமில்லாவிட்டாலும் ஆறரைக்குள் மீன் இறங்கும் இடத்துக்கு வந்துவிட வேண்டும். படகு கரை தட்டியதும் கூடைகள் தலைமாறும். ஏலம் விடுபவரின் குரல் ஒரே மூச்சில் ஏறும். வாங்குபவர் வாயைத் திறப்பதே இல்லை. புருவம் அசைந்தால் விலை ஏறியது என்று பொருள். வெளியூர்க்காரர் அங்கே நின்று இடைஞ்சல் செய்யாமல், கொஞ்சம் தள்ளிக் கூறு போட்டு விற்கும் பெண்களிடம் வாங்குவது மரியாதை. நண்டு வாங்கத் தெரியாமல் நான் விழித்தபோது ஒரு அக்கா நண்டை மல்லாத்திப் போட்டு, "இங்க அமுக்கிப் பாரு" என்று அடிவயிற்று ஓட்டின் மேல் என் கட்டைவிரலை வைத்து அழுத்தினார். கல் மாதிரி இருந்தது. பக்கத்தில் இன்னொன்றை அழுத்தச் சொன்னார், அது உள்வாங்கியது. "இது வெறுங்கூடு. இப்பத்தான் சட்டை கழட்டிருக்கு, தண்ணிதான் இருக்கும். பெருசா இருக்கேன்னு எடுக்காத. கையில தூக்கிப் பாத்தா கனம் சொல்லும்." நண்டின் இரண்டு கொடுக்கையும் மடக்கி, சணலை ஒரு சுற்று உள்ளே விட்டு, ஒரு சுற்று குறுக்கே போட்டு, காலால் மிதித்தபடியே முடிச்சுப் போட்டார். கண்ணை மூடித் திறப்பதற்குள் அடுத்த நண்டு. அமாவாசை நண்டில் சதை இருக்கும், பௌர்ணமி நண்டில் இருக்காது என்பது கரையோரம் எங்கும் சொல்லும் கணக்கு. ராத்தங்கலுக்கு நாள் பார்ப்பவர்கள் அமாவாசையை ஒட்டிப் போனால் நட்சத்திரமும் நிறையத் தெரியும், நண்டும் கிடைக்கும்.

வெயில் ஏறுவதற்குள் ஊருக்குள் ஒரு நடை. 1613-ல் டச்சுக்காரர்கள் கட்டிய கெல்டிரியா கோட்டை இப்போது புதர் மண்டிய மேடு. சோழமண்டலக் கரையில் அவர்களுக்குத் தலைமையிடமாக இருந்த ஊர் இது. 1690-ல்தான் தலைமையிடம் நாகப்பட்டினத்துக்கு மாறியது. இங்கே நெய்த துணிகள் கிழக்காசியச் சந்தைகளுக்குக் கப்பலேறின. மனிதர்களையும் அடிமைகளாக இதே துறையிலிருந்து பதாவியாவுக்கு ஏற்றினார்கள். இதை எந்தப் பலகையும் சொல்வதில்லை, சொல்ல வேண்டும். தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கும் டச்சுக் கல்லறையின் வாசலில் இரண்டு எலும்புக்கூடுகளைச் செதுக்கி நிறுத்தியிருக்கிறார்கள். உள்ளே கல்வெட்டு எழுத்துகள் நேற்றுச் செதுக்கியது போல இருக்கின்றன. ஆதிநாராயணப் பெருமாள் கோயிலில் விரல் அளவே உள்ள ராமாயணச் சிற்பங்களைப் பார்க்கக் குனிய வேண்டியிருக்கும். பள்ளிவாசல் ஒன்றில் நிழல் கடிகாரம் உண்டு. மகிமை மாதா கோயில் போர்த்துக்கீசியர் காலத்தில் தொடங்கியது. பெண்கள் முடையும் பனையோலைப் பெட்டிகள் கிடைத்தால் வாங்குங்கள். நண்டு கொண்டுவர பிளாஸ்டிக் பையைவிட அது நல்லது.

படகில் ஏறும் முன்

யாராவது "போட்ல ஒரு ரவுண்டு போலாமா சார்" என்று கேட்பார்கள். குழந்தைகள் கையைப் பிடித்து இழுக்கும். 2011 டிசம்பர் 25 அன்று, கிறிஸ்துமஸ் விடுமுறைக்கு வந்த உறவினர் கூட்டம் ஒன்று மீன்பிடிப் படகில் உலாப் போனது. படகு கவிழ்ந்து 22 பேர் இறந்தார்கள். உல்லாசப் படகுச் சவாரிக்குத் தடை வந்தது அதனால்தான். ஒரு மீட்டர் ஆழ ஏரியில் எப்படி மூழ்குவார்கள் என்று கேட்பவர்கள் முகத்துவாரத்தின் பக்கம் நின்று பார்க்க வேண்டும். நீர் இறங்கும் நேரத்தில் அங்கே ஓட்டம் காலை வாரிவிடும், ஆழமும் திடீரென்று கூடும். மீன்பிடிப் படகு வலைக்காகச் செய்தது. உயிர்காக்கும் உடுப்பு இல்லாமல், இருபது பேரை ஏற்றி, அதிலும் எல்லோரும் படம் எடுக்க ஒரே பக்கம் எழுந்து நின்றால் எந்தப் படகும் தாங்காது.

தடை மட்டும் போட்டுவிட்டு அரசு ஒதுங்கியது சரியா என்று கேட்டால், இல்லை என்பேன். சுற்றுலாவை நம்பி நாலு காசு பார்த்த குடும்பங்களுக்கு மாற்று வழி எதையும் காட்டவில்லை. முகத்துவாரம் கோடையில் மணல் தூர்ந்து அடைபடும். அப்போதெல்லாம் மீனவர்கள்தான் முதலில் கைக்காசைப் போட்டுத் தோண்டினார்கள். இரு பக்கமும் கல் கொட்டி நிரந்தர முகத்துவாரம் அமைக்கும் பணியை அரசு கையில் எடுத்தது பல ஆண்டுக் கோரிக்கைக்குப் பிறகுதான். இதற்கிடையே காட்டுப்பள்ளித் துறைமுக விரிவாக்கத் திட்டம் வந்தது. கடலைத் தூர்த்தால் கரை அரிக்கும், முகத்துவாரத்தின் போக்கு மாறும் என்று குப்பங்கள் அனைத்தும் எதிர்த்தன. 2021 ஜனவரியில் நடக்கவிருந்த பொதுக்கருத்துக் கேட்பு தள்ளிவைக்கப்பட்டது. 2023 செப்டம்பரிலும் அதே கதை. ஏரி இருக்குமா என்பதே கேள்வியாக இருக்கும் ஊரில் வாரயிறுதி உல்லாசம் பேசுவது சரியா என்று எனக்கே தோன்றியதுண்டு. ஆனால் ஒரு ராத்திரி அங்கே படுத்து எழுந்தவர்கள் அந்த ஊரின் செய்தியைப் படிக்காமல் தாண்டிப்போக மாட்டார்கள். நகரத்தில் அப்படிப்பட்டவர்கள் எவ்வளவு கூடுகிறார்களோ அவ்வளவு நல்லது.

சிலிகா ஏரியின் வடகரையில் மங்களாஜோடி என்று ஓர் ஊர் இருக்கிறது. வலசை வரும் பறவைகளைச் சுட்டும் விஷம் வைத்தும் விற்றுப் பிழைத்தவர்கள் அங்கே 2000-ஆம் ஆண்டு வாக்கில் வேட்டையை விட்டார்கள். இன்று அதே ஆட்கள் இன்ஜின் இல்லாத படகைக் கழியால் ஊன்றிச் சுற்றுலாப் பயணிகளுக்குப் பறவை காட்டுகிறார்கள். தங்கும் இடமும் சாப்பாடும் ஊரே நடத்துகிறது, வரும் பணம் ஊரிலேயே தங்குகிறது. பழவேற்காட்டில் பறவை வேட்டையைவிட நல்ல மூலதனம் இருக்கிறது. சீட்டுப் போட்டு முறை வைத்து ஆளத் தெரிந்த ஊர்கள் அவை. மீன்பிடி இடத்தைச் சுழற்சியில் பங்கிடத் தெரிந்தவர்களுக்கு, இந்த வாரம் எந்தக் குப்பத்தில் கூடாரம், யார் சமையல், யார் காவல் என்று பங்கிடுவது பெரிய வேலையா? அரசு செய்ய வேண்டியதெல்லாம் சரணாலய எல்லைக்கு வெளியே ஒவ்வொரு குப்பத்திலும் ஒரு திடல், நல்ல கழிப்பறை, குடிநீர்க் குழாய், குப்பை எடுக்கும் வண்டி ஆகியவற்றைக் கொடுப்பதுதான். கட்டணத்தை மகளிர் குழு வசூலிக்கட்டும். பாட்டில் இடமில்லாத ஊர்களுக்கும் இருளர் குடும்பங்களுக்கும் இதில் முதல் பங்கு வைக்கலாம், ஏனென்றால் இது புது உரிமை, பழைய தலைக்கட்டுக் கணக்கு இதற்கு இன்னும் எழுதப்படவில்லை. தனியார் ரிசார்ட் ஒன்று வந்து கரையை வேலி போட்டு அடைப்பதற்கு முன்னால் இது நடக்க வேண்டும் என்பது என் கவலை.

அதுவரை கேட்டுத் தங்குவதுதான் வழி. மார்கழியும் தையும் சிறந்த மாதங்கள். காணும் பொங்கல் அன்று மட்டும் போகாதீர்கள், கரையில் கால் வைக்க இடமிருக்காது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்குத் தடைக்காலம், வெயிலும் சுடும். கழிவறைக்கு யாரிடமாவது முன்பே பேசிவைத்துக்கொள்ளுங்கள், பெண்களோடு போகிறவர்கள் இதைத்தான் முதலில் கேட்க வேண்டும். இருட்டுவதற்குள் கூடாரம் அடித்துவிடும்படி சனிக்கிழமை மதியச் சாப்பாடு முடிந்ததும் புறப்பட்டுவிடுங்கள். இரண்டு பெரிய குப்பைப் பைகள் எடுத்துப் போங்கள், ஒன்று உங்கள் குப்பைக்கு, இன்னொன்று ஏற்கெனவே அங்கே கிடப்பதற்கு. டிக்கியில் ஒரு ஐஸ் பெட்டி இருந்தால் ஞாயிறு காலை வாங்கிய மீன் வீடு வந்து சேரும்வரை கெடாது.